மணிபிளான்ட்டும் இரிக்கட்டும், பூனையும் இரிக்கட்டும்: கல்லடி வீட்டில செஞ்ச வேலை

மணிபிளான்ட் இரிக்கிற வீட்டுக்குள்ள பூனை வந்து சேர்ந்தா உடன ரெண்டு கதைதான் வரும், செடிய வெட்டி எறி, இல்லாட்டி பூனையக் கொண்டுபோய் எங்கயாவது விடு எண்டு. ரெண்டுமே தேவையில்ல. அந்தச் செடி பூனையக் கொல்ற சாதி இல்ல, வாயப் புண்ணாக்குற சாதி, அதால ரெண்டையும் ஒரு வீட்டுக்குள்ள வச்சுக்கொள்ளலாம், ஆனா "உயரத்தில வச்சிட்டன்" எண்டு சொல்லிட்டு இரிக்கிறது மட்டும் காணாது. மட்டக்களப்புக் கல்லடியில எங்கட அக்கா வீட்ட இதுக்கெண்டு செஞ்ச வேலைய அளவுகளோட எழுதுறன், இதே பிரச்சினை உள்ள ஆக்களுக்கு உதவும்.

அக்கா வீட்ட ரெண்டு பூனை. கறுவல் எண்டு ஒரு வயசான கடுவன், அது செடியத் திரும்பியும் பார்க்காது. சிட்டு எண்டது இன்னும் வளர்ற பெட்டை, அதுக்கு ஆடுற சாமான் எல்லாம் இரை. மணிபிளான்ட் ஹோல் யன்னல் கம்பியில தொடங்கி டீவிக்குப் பின்னால போய் ப்ரிட்ஜுக்கு மேலால இறங்கி, ஒரு கொடி நிலத்தத் தொட்டுக்கொண்டு கிடந்திச்சு. அந்த நுனியத்தான் சிட்டு பிடிச்சுக் கடிக்கிறது. "வெட்ட மனமில்ல தங்கச்சி, நீ வந்து ஏதாவது ஒரு வழி பண்ணித்தா" எண்டு அக்கா கேட்டா. பக்கத்து வீட்டு மாமி வேற "மணிபிளான்ட வெட்டினா வீட்டில காசு நிக்காதுகா" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. காசுக் கதைய விடுங்க, அக்கா இந்த வீட்டுக்குக் குடிவந்த நேரம் ஒரு தண்டு போத்தல்ல வச்சு வளர்ந்த செடி அது, அதுக்கெண்டு ஒரு மதிப்பு இரிக்கு.

வேலையத் தொடங்க முதல் இந்தச் செடி என்ன செய்யிது எண்டு விளங்கிக்கொள்ளணும், அது விளங்கினாத்தான் எவ்வளவு பயப்படணும் எண்டதும் விளங்கும். மணிபிளான்ட், சேம்பு, கரணைக்கிழங்கு, டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி எல்லாம் ஒரே குடும்பம். சேம்பு வெட்டேக்க கை அரிக்கிறது, சரியா அவியாட்டி தொண்டை காறுறது நம்ம எல்லாருக்கும் தெரியும், அதுக்குத்தான் அம்மம்மா ஆக்கள் புளி விட்டு நல்லா அவிப்பாங்க. அந்தக் காறல் எதால வருதோ அதேதான் மணிபிளான்ட் இலையிலயும் இரிக்கு. கல்சியம் ஒட்சலேற்று, கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா, சில கலங்களுக்குள்ள தீப்பெட்டிக்குள்ள குச்சி அடுக்கின மாதிரி கட்டுக்கட்டா இரிக்கும். இலையப் பல்லால நசுக்கினவுடன அந்தக் கலம் உடைஞ்சு ஊசியெல்லாம் நாக்கு, முரசு, தொண்டை எண்டு குத்தும். இது தண்ணியில கரையாத வகை, அதால பெரும்பாலும் தாக்கம் வாயோடயும் தொண்டையோடயும் வயித்தோடயும் நிண்டுரும், உடம்பு முழுக்கப் பரவிற நஞ்சு இல்ல. குத்தினவுடன எரியும், வீணி வடியும், பூனை முன்னங்காலால வாயத் தேய்க்கும், சில நேரம் சத்தி எடுக்கும், சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போய் மணந்திட்டுத் திரும்பி வந்திரும். அநேகமா ஒரு நாளுக்குள்ள தணிஞ்சிரும்.

எரியிறதால நிறையத் தின்னாது எண்டது உண்மைதான், ஆனா அத நம்பி சும்மா இரிக்கேலாது. குட்டியும் இளம் பூனையும் தின்னுறதுக்குக் கடிக்கிறதில்ல, விளையாடிக் கடிக்கிறது, அது திரும்பத் திரும்ப வரும். தொண்டைப்பக்கம் வீங்கினா மூச்சுக்கும் கஷ்டம் வரலாம், அது குறைவு, ஆனா நடக்கிற விஷயம்.

மறுகா வீட்டச் சுத்தி ஒரு நடை நடந்து என்னென்ன செடி இரிக்கு எண்டு பார்த்தம். இத எல்லாரும் செய்யணும், ஏனெண்டா மணிபிளான்டப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இரிக்கேக்க அதவிட மோசமானது முத்தத்தில நிக்கும். அக்கா வீட்ட மருள் (பாம்புச்செடி எண்டு சொல்றது) ரெண்டு சாடி, அதில சப்போனின் இரிக்கு, தின்டா சத்தியும் வயித்தாலயும் போகும். கற்றாழையும் கிட்டத்தட்ட அப்படித்தான். விறாந்தையில ஒரு டிஃபன்பேக்கியா, மணிபிளான்ட்டில உள்ள அதே ஊசிதான் ஆனா கடுமை கூட, தண்டு உடைஞ்சா பால் வடியும், அத பூனை இல்லாத ஒரு கூட்டாளி வீட்டுக்குக் குடுத்திட்டம். வேலிப்பக்கம் மழைக்குப் பிறகு தானா முளைக்கிற கார்த்திகைப்பூக் கொடி ஒண்டு. இதோட விளையாட ஏலாது. அதில இரிக்கிற கொல்சிசின் எண்ட நஞ்சு மனுசனையே கொல்லும், கிழங்கிலயும் விதையிலயும் நிறைய இரிக்கு. அதக் கிழங்கோட கிண்டி எடுத்தம். மடு (சைக்கஸ்) மரம் நிக்கிற வீடெண்டா அதையும் கவனிக்கணும், எல்லாப் பகுதியும் நஞ்சு, விதை ஆகக் கூட, ஈரலத்தான் அடிக்கும். செவ்வலரி இதயத்த அடிக்கும்.

லில்லி எண்ட பேர்ல நிறையப் பேர் குழம்புறாங்க, அதால இத நல்லா விளக்கணும். பீஸ் லில்லி உண்மையான லில்லி இல்ல, அது சேம்புக் குடும்பம், வாய் எரியும், அவ்வளவுதான். ஆனா பூக்கடையில பூங்கொத்துக்கு வைக்கிற பெரிய பூ உள்ள உண்மையான லில்லி, மறுகா டே லில்லி எண்ட வகை, இந்த ரெண்டும் பூனைக்கு எமன். இலை, பூ, பூந்தூள், சாடித் தண்ணி எல்லாம் நஞ்சு. மேல பட்ட பூந்தூள நக்கினாலே கிட்னி ரெண்டு மூண்டு நாளுக்குள்ள செயலிழந்து போயிரும். நாய்க்கு அந்தளவு செய்யாது, பூனைக்குத்தான் இப்படி. யாராவது கல்யாண வீட்டால, பிறந்தநாளால அந்தப் பூவக் கொண்டு வந்தா வாசலோட திருப்பி அனுப்புங்க. அதுக்குக் கூடு, கொக்கி, உயரம் ஒண்டும் சரிவராது.

இனி வேலைக்கு வாறன்.

செடிய எங்க தொங்கவிடுற எண்டு யோசிக்க முதல் பூனை எங்க கடிக்கிது எண்டு பார்க்கணும். சிட்டு கடிச்ச இலைய எடுத்து வெளிச்சத்தில பிடிச்சா ஓரத்தில சின்னச் சின்ன ஓட்டை சோடி சோடியா இரிக்கும், பழைய ஓட்டையச் சுத்தி மண்ணிறமா காய்ஞ்ச கரை, புதுசெண்டா ஈரமா கண்ணாடி போட்ட பச்சை. அந்த ஓட்டையெல்லாம் எங்க இரிந்திச்சு எண்டு பார்த்தா ஒண்டுகூட சாடிக்குக் கிட்ட இல்ல, எல்லாம் தொங்கின நுனியில, இல்லாட்டி கீழ விழுந்து கிடந்த மஞ்சள் இலையில. அதாவது சாடி எவ்வளவு உயரத்தில இரிக்கு எண்டதில வேலை இல்ல. கொடியிட நுனி எங்க முடியிது, பூனைக்குக் கால் வைக்க இடம் எங்க இரிக்கு, நிலத்தில இலை விழுதா, இந்த மூண்டையும் வச்சுத்தான் எல்லாத்தையும் முடிவெடுத்தம்.

சாதாரண வீட்டுப் பூனை நிண்ட இடத்தில இருந்து அஞ்சடி ஆறடி பாயும். நிலத்தில இருந்து பார்த்தா அது பெருசாத் தெரியாது, ஆனா ப்ரிட்ஜ் மேல ஏறி நிண்டா அங்க இருந்து கணக்குத் தொடங்கும். அதால ஹோல்ல பூனை ஏறக்கூடிய ஒவ்வொண்டுக்கும் டேப் பிடிச்சம், ப்ரிட்ஜ், அலுமாரி, டீவி ஸ்டாண்ட், யன்னல் கட்டு, கதிரை முதுகு, கேர்ட்டின் கம்பி. கேர்ட்டின் கம்பிய ஆக்கள் மறந்திருவாங்க, சிட்டுக்கு அதுதான் ஏணி. இதெல்லாத்தில இருந்தும் பக்கவாட்டில அஞ்சடிக்குக் குறையாம தள்ளி இரிக்கிற ஒரு இடம், அதே நேரம் யன்னல் வெளிச்சம் வாற இடம், அப்பிடி ஹோல்ல ஒரே ஒரு இடம்தான் கிடைச்சிச்சு, அதுவும் அலுமாரிய மற்றச் சுவருக்குத் தள்ளின பிறகு.

கொக்கிய சீலிங் சீட்டில அடிக்கவே கூடாது. சீலிங்க ஒரு இடத்தில கழட்டி மேல தீராந்தி எங்க ஓடுது எண்டு பார்த்து அதிலதான் போட்டம். மூண்டு இன்ச் ஸ்க்ரூ கொக்கி, முதல் ட்ரில்லால சின்ன ஓட்டை போட்டு மறுகா கையால முறுக்கினா மரம் வெடிக்காது. கல்லடி கடற்கரைக்குக் கிட்ட, சாதாரண இரும்புக் கொக்கி உப்புக் காத்துக்கு சீக்கிரமாத் துருப்பிடிச்சிரும், அதால ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்க, ஹாட்வெயார் கடையில காந்தம் வச்சுப் பார்க்கிறதெல்லாம் முழுசா நம்பிக்கை இல்ல, பெட்டியில எழுதியிரிக்கிறதப் பாருங்க.

கொக்கியில சாடிய நேராத் தொங்கவிடல்ல, ஒரு சின்னக் கப்பி போட்டம். கிணத்துக் கப்பியிட சின்ன வகை, உடுப்புக் காயப்போடுற கம்பி ஏத்தி இறக்கவும் விக்கிறாங்க. இதுக்குக் காரணம் இரிக்கு. எட்டடி உயரத்தில சாடி இரிந்தா தண்ணி ஊத்த ஒவ்வொருக்காவும் கதிரை போடணும், அக்காவுக்கு முழங்கால் வருத்தம், நாலு நாள் ஊத்துவா, மறுகா "கீழ வச்சா லேசு" எண்டு சொல்லி இறக்கி வச்சிருவா. எங்கட ஆக்கள் செடிய உயரத்தில இருந்து திரும்ப இறக்கிறதுக்குக் காரணம் எப்பவும் தண்ணிதான். கப்பி இரிந்தா கயிற அவிழ்த்து இடுப்பு மட்டத்துக்கு இறக்கி, தண்ணி ஊத்தி, மஞ்சள் இலையப் பிடுங்கி, நீண்ட நுனிய வெட்டி, வடிஞ்ச பிறகு திரும்ப ஏத்தலாம்.

கயிறு விஷயத்தில கவனம். தும்புக் கயிறு வேண்டாம், பூனை நகம் போட்டு ஏறும். வழுக்கிற நைலோன் கயிறுதான் நல்லம், ஆனா கீழ கட்டுற இடத்தில மிச்சக் கயிறு தொங்கக்கூடாது. பூனை நூல் கயிறு விழுங்கினா குடல சுருக்கி அறுத்திரும், அது மணிபிளான்ட்டவிட பெரிய ஆபத்து. (வாயாலயோ பின்பக்கத்தாலயோ நூல் தொங்கினா இழுக்கவே கூடாது, உடன வைத்தியரிட்ட.) கயிற சுவரோரம் இறக்கி ஆறடி உயரத்தில வோல்பிளக் போட்டு ஒரு இரட்டைக் கொம்புக் கட்டை அடிச்சு அதில எட்டுப் போட்டுச் சுத்தினம், மிச்சத்த சுருட்டி அதுக்கு மேல ஒரு பழைய பிளாஸ்டிக் போத்தல அரைவாசி வெட்டிக் கவுத்து மூடியாப் பூட்டினம். பார்க்க அவ்வளவு வடிவில்ல, வேலை செய்யிது.

சாடிக்கு மண்ணக் குறைச்சு பொச்சுத்தூளும் கொம்போஸ்ட்டும் கலந்து போட்டம், பாரம் குறையணும் எண்டதுக்கு. ஈரச் சாடியோட தூக்கிப் பார்த்துத்தான் பாரத்த முடிவெடுக்கணும், காய்ஞ்ச சாடிய வச்சு இல்ல. சாடியிட அடி நிலத்தில இருந்து எட்டடி, கொடி ஒரு அடிக்கு மேல கீழ வர விடுறதில்ல, நுனி எப்பவும் ஏழடிக்கு மேலதான். மணிபிளான்ட் மரத்தப் பிடிச்சு மேல ஏறினா இலை பெருக்கும், கீழ தொங்கினா இலை சிறுத்து கொடி மட்டும் நீளும், அதால வெட்டுற வேலை தொடர்ந்து இரிக்கும். வெட்டினா கவட்டில இருந்து புதுசா வெடிச்சு சாடி நிறைஞ்சு வரும், செடிக்கும் நல்லம்.

ஆனி ஆடியில கச்சான் அடிக்கத் தொடங்கினா இந்தப் பக்கம் வீட்டுக்குள்ள தொங்கிற எல்லாம் ஆடும். ஆடுற செடிய விட பூனையக் கூப்பிடுற சாமான் வேற இல்ல. சாடிக்குக் கீழ இருந்து யன்னல் பக்கச் சுவருக்கு மெல்லிய கம்பி ஒண்டு இழுத்துக் கட்டினம், சாடி நிக்கும், இலை மட்டும் லேசா அசையும். சாடிக்கு அடியில அகலமான தட்டு ஒண்டும் சேர்த்துக் கட்டினது விழுற இலைய ஏந்துறதுக்கு. எல்லா இலையும் தட்டுக்குள்ள விழாது, காலையில கூட்டேக்க கண் வைக்கணும்.

அடுத்தது கூடு. எல்லாச் செடியையும் தொங்கவிட ஏலாதே. பீஸ் லில்லி ஒண்டு, போத்தல்ல வேர் விட வச்ச மணிபிளான்ட் தண்டுகள், இதுக்கு விறாந்தை யன்னல்ல ஒரு கம்பிக்கூடு செஞ்சன். மனுசர் பூனையக் கூட்டில போடுவாங்க, நான் செடியப் போட்டன். ஒரு இன்ச் மரச் சட்டம், அகலம் ஒண்டரை அடி, ஆழம் ஒரு அடி, உயரம் ரெண்டரை அடி, முன்பக்கம் கீல் போட்ட கதவு. வலை வாங்கேக்க கோழிவலை வாங்காதீங்க. அறுகோண ஓட்டை ஒரு இன்ச்சுக்குக் கிட்ட இரிக்கும், பூனை கால விட்டு இலைய இழுத்தெடுக்கும், வலையும் மெல்லிசு, இழுத்தா வளையும். அரை இன்ச் சதுர ஓட்டை வெல்ட் மெஷ் தான் சரி. தகரம் வெட்டுற கத்திரியால வெட்டினா ஒவ்வொரு நுனியும் ஊசியா நிக்கும், அத ஒவ்வொண்டா குறடால உள்பக்கம் மடிச்சு அரம் போட்டுத் தேய்ச்சு, சட்டத்துக்கு உள்பக்கத்தில யு ஆணி அடிச்சன், வெளிப்பக்கம் விரலால தடவினா ஒண்டும் கீறக்கூடாது. இதுதான் ஆகக் கூட நேரம் எடுத்த வேலை, அவசரப்பட்டா பூனைட கால் கிழியும். மறுகா செடிக்கும் வலைக்கும் இடையில ரெண்டு இன்ச் இடைவெளி விடணும், இல்லாட்டி ஒரு கிழமையில இலை வலைக்கு வெளிய எட்டிப் பார்க்கும். கூட்ட யன்னல் சட்டத்தோட எல் கம்பி வச்சு முறுக்கிப் பூட்டினன், சிட்டு அதுக்கு மேல ஏறிப் படுத்தாலும் சரியாது. இப்ப அதுதான் கறுவலிட பகல் படுக்கை.

போத்தல்ல வளர்க்கிற ஆக்களுக்கு ஒரு கதை. பூனை கோப்பைத் தண்ணிய விட்டிட்டு போத்தல் தண்ணியக் குடிக்கும். ஊசி கரையாதது எண்டதால தண்ணியில பெரிசா இறங்காது, ஆனா நிறையப் பேர் அல்பேர்ட் கரைசல் போட்டு வைக்கிறாங்க, அது உரம், குடிக்கிற சாமான் இல்ல. வாய் ஒடுங்கின போத்தல், கூட்டுக்குள்ள, அவ்வளவுதான்.

மருள் சாடி பாரம், நிலத்திலதான் இரிக்கணும். அத பூனை கடிக்கிறதவிட மண்ணக் கிண்டி மலசலகூடமாக்குறதுதான் கூட. மேல பெரிய கூழாங்கல்லும் உடைஞ்ச ஓட்டுத் துண்டும் பரவினம், சின்னக் கல்லெண்டா அத உருட்டி விளையாடும், எலுமிச்சம்பழ அளவில இரிக்கணும். கடிக்கிற பழக்கம் தொடங்கினா அதையும் இடம் மாத்துறது எண்டு முடிவு.

இவ்வளவு செஞ்சும் பூனைக்குப் பச்சை எண்டு ஒண்டு குடுக்காட்டி வேலை அரைவாசிதான். பூனை புல்லுத் தின்னுறது வருத்தத்தால எண்டு நம்ம ஆக்கள் சொல்லுவாங்க, அது அப்படி இல்ல, அது அதிட இயற்கை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர் ஆயிரத்துக்கு மேல பூனை வளர்க்கிற ஆக்களிட்டக் கேட்டுப் பார்த்ததில பெரும்பாலான பூனை செடி தின்னுது, தின்ன முதல் அநேகமானதுக்கு வருத்தம் ஒண்டும் இல்ல எண்டுதான் வந்தது. காட்டுப் பூனைக் காலத்தில குடல் பூச்சிய வெளியேத்த உதவின பழக்கம் மிச்சமா இரிக்கலாம் எண்டது அவங்கட கருத்து. எப்படியோ, தின்னத்தான் போகுது. நாம குடுக்காட்டி அது தேடி எடுக்கும்.

கடையில பூனைப்புல்லு விதை எண்டு இறக்குமதிப் பக்கெட் தேடத் தேவையில்ல, மட்டக்களப்பில இரிந்துகொண்டு அத வாங்கினா வெட்கம். நெல்லு இரிக்கு. ஒரு கைப்பிடி நெல்ல இரவு ஊறப்போட்டு, வடிச்சு, ஈரத் துணியில கட்டி முளை எட்டிப் பார்க்கிற வரைக்கும் வச்சு, வயலுக்கு முளை கட்டுற அதே முறைதான், மறுகா ஐஸ்கிரீம் டப்பாவில ரெண்டு இன்ச் பொச்சுத்தூள் போட்டு நெருக்கமாப் பரவி மேல மெல்லிசா மூடி தண்ணி தெளிச்சா காணும். அடியில ஓட்டை கட்டாயம், இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடிச்சா முழுசா எறிஞ்சிருங்க. நாலு விரல் உயரம் வந்தவுடன வைக்கணும், முத்தினா இலை ஓரம் அரம் பிடிச்சு பூனை தொடாது. கோதுமை முழுசாக் கிடைச்சா அது இன்னும் மெதுவான புல்லு. ஒரு எச்சரிக்கை, விதைநெல் எண்டு பக்கெட்டில வாறதுக்கு மருந்து தடவியிரிக்கும், சில நேரம் நிறமே மாறியிரிக்கும், அத எடுக்காதீங்க, சோத்துக்குக் குத்த வச்சிரிக்கிற நெல்லுதான் வேணும். இறுங்குச் சோளமும் வேண்டாம், அதிட இளம் பயிர்ல சயனைட் உண்டாகும், மாட்டுக்கே ஆபத்து. ரோட்டோர அறுகம்புல்லும் வேண்டாம், புல்லுமருந்து அடிச்சிரிப்பாங்களோ தெரியாது.

குப்பைமேனியப் பற்றி மாமி ஞாபகப்படுத்தினா. அதுக்குப் பூனைவணங்கி எண்டே ஒரு பேர் இரிக்கு, வேரப் பிடுங்கிப் போட்டா பூனை அதில உருண்டு பிரண்டு கிடக்கும். அது மருந்துப் பூண்டு, தின்னக் குடுக்கிறதுக்கு நான் புல்லத்தான் சொல்லுவன்.

புல்லுத் தட்ட எங்க வைக்கிற எண்டது முக்கியம். குசினி மூலையில வச்சா அது தேடி வராது. பழைய கொடி நுனி தொங்கின அதே இடத்தில, ப்ரிட்ஜுக்குப் பக்கத்தில வச்சம். சிட்டு முதல் வந்து மணிபிளான்டத் தேடி மேல பார்த்திச்சு, கத்திச்சு, மறுகா தட்டில முகத்த விட்டுக் கடவாய்ப்பல்லால தலைய ஒரு பக்கம் சாய்ச்சு ஒவ்வொரு புல்லா இழுத்து வெட்டிச்சு. அந்தச் சத்தம் குசினி வரைக்கும் கேட்டுது. ரெண்டு தட்டு மாறி மாறி வளர்ந்துகொண்டே இரிக்கணும், ஒண்டு முடிய மற்றது தயாரா.

வாசனையால விரட்டுற முறைகள் நிறையச் சொல்லுவாங்க, அதில பெரும்பாலானத செய்யவே கூடாது. பூனை காலால தொட்டத எல்லாம் நக்கும், அதால சாடியில நீங்க போடுற எல்லாம் அதிட வாய்க்குள்ளதான் போகும். மிளகாய்த்தூள் கண்ணுக்குள்ள போய் வதைக்கும். பூச்சி உருண்டையும் கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. எலுமிச்சை எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய் எல்லாம் அதிட ஈரலால பிரிச்சு அகத்த ஏலாத சாமான். கோப்பித்தூள் வேண்டாம், கஃபீன் இரிக்கு. மணிபிளான்ட்டால வாய் எரிஞ்ச பூனை பிழைக்கும், பூச்சி உருண்டை நக்கின பூனைக்கு அந்த உத்தரவாதம் இல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு இலையக் கடிச்சிட்டா என்ன செய்யிற? வாய்க்குள்ள துண்டு இரிந்தா எடுத்து, ஈரத் துணியால வாயையும் முன்னங்காலையும் துடைச்சு விடுங்க, குடிக்கத் தண்ணி வைங்க. நம்ம எருமைத் தயிர் ஒரு கரண்டி கோப்பையில வச்சா அதா நக்கும், அது எரிவக் கொஞ்சம் தணிக்கலாம். வாயத் திறந்து ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். உப்புத்தண்ணி குடுத்துச் சத்தி எடுக்க வைக்கவே கூடாது, உப்பே நஞ்சாகும், குத்தின தொண்டையில திரும்ப ஒருக்கா குத்தும். மறுகா, ஆக முக்கியமா, பனடோல் குடுக்காதீங்க. வலியில துடிக்கிதே எண்டு பிள்ளைகளுக்குக் குடுக்கிற நினைப்பில அரைக்குளிசை குடுக்கிற ஆக்கள் இரிக்காங்க. பரசிற்றமோல உடைச்சு அகத்துற நொதியம் பூனைட ஈரல்ல போதியளவு இல்ல, ரத்தம் ஒட்சிசன் காவ ஏலாமப் போயி முரசு மண்ணிறமாகும், 500 மில்லிகிராம் குளிசை ஒண்டே ஒரு பூனையக் கொல்லும். செடி செய்யாதத அந்தக் குளிசை செஞ்சிரும்.

வாய், நாக்கு, தொண்டைப்பக்கம் வீங்கினா, மூச்சு இழுத்தா, சத்தி நிக்காட்டி, ஒரு நாளுக்கு மேல சாப்பிடாட்டி மிருக வைத்தியரிட்டக் கொண்டு போகணும். பூனை ரெண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈரல்ல கொழுப்புப் படிஞ்சு வேற வருத்தமாகும், குண்டுப் பூனைக்கு இன்னும் கூட. போகேக்க கடிச்ச இலையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்க, "ஏதோ செடி டொக்டர்" எண்டு சொன்னா அவருக்கும் ஒண்டும் செய்ய ஏலாது. செடி பேர் தெரியாட்டி முழுச் செடியையும் போன்ல படம் எடுத்து வச்சிரிங்க, அக்கா எல்லாச் சாடியையும் எடுத்து வச்சிரிக்கா.

கொடி வெட்டேக்க கையுறை போடுங்க, சாறு பட்டா சில ஆக்களுக்குச் சேம்பு வெட்டினதவிட கடுமையா அரிக்கும். வெட்டின துண்ட ரோட்டோரக் குப்பையில போடக் கூடாது, எங்கட ரோட்டில மாடும் ஆடும்தான் குப்பைய முதல் பார்க்கிறது, அதுகளிட வாயும் வாய்தான். பழைய பேப்பர்ல வெயில்ல நல்லாக் காய வச்சு, காய்ஞ்ச பிறகு பூனை போகாத குழியில புதைக்கிறம். பச்சையாப் புதைச்சா ஒரு கணு மிச்சமிரிந்தாலும் முளைக்கும்.

புதுசாச் செடி வாங்குற எண்டா பூனைக்கு ஒண்டும் செய்யாதது எவ்வளவோ இரிக்கு. ஸ்பைடர் பிளான்ட், அரேக்கா பாம், பொஸ்டன் பேர்ண், பெப்பரோமியா, முத்தத்துக்கு ரோசாவும் மல்லிகையும். அக்கா ஸ்பைடர் பிளான்ட் ஒண்டு வாங்கி டீவி ஸ்டாண்டில வச்சிரிக்கா, சிட்டு அத நாராக் கிழிச்சிட்டு, நஞ்சு இல்ல, ஆனா செடி பாவம், அதையும் மேல ஏத்தச் சொல்லி இப்ப ரெண்டாவது கப்பிக்குக் கேட்டிரிக்கா.

மழைக்காலம் தொடங்க முதல் கொக்கி, கப்பி, கயிறு மூண்டையும் கையால இழுத்துப் பார்க்கணும். கப்பி அச்சில ஒரு துளி எண்ணெய், கொக்கி மரத்துக்குள்ள தளர்ந்திரிக்கா, நைலோன் கயிறு கப்பியில உரசுற இடத்தில பிசிறு கட்டியிரிக்கா எண்டு. பிசிறு தெரிஞ்சா அந்தக் கயிற மாத்துறது, முடிச்சுப் போட்டு ஒட்டுறதில்ல, முடிச்சு கப்பிக்குள்ள சிக்கும்.